நத்தம் ரோட்டில் ஆளில்லா வண்டி

அன்பு மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். ஊருக்குக் கிளம்பிய அன்று விமான நிலையம் போகும் வழியில், "நத்தம் ரோட்டுல இந்த ஆளில்லா வண்டி ஓடுனா நம்ம ஜனங்க ஏறுவாங்களாப்பா?" என்று கேட்டாய். அன்றைக்கு நான் வாய் திறக்கவில்லை. அந்த ரோட்டில் இருபத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டியவன், அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது என்று நினைத்தேன்.

அமெரிக்காவில் சாண்ட்லர் ஊரில் நீ என்னை ஆளில்லாமல் ஓடும் வேமோ காரில் ஏற்றியபோது, ஸ்டியரிங் தானாகத் திரும்பத் திரும்ப என் வலது கால் பிரேக்கைத் தேடிக்கொண்டே இருந்தது. ஆனால் ஓட்டத்தில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, பாப்பா. அவ்வளவு நிதானம்.

அதே சாண்ட்லரில் ஆரம்பத்தில் இந்த வண்டிகள்மேல் கல்லெறிந்தார்கள், டயரைக் கிழித்தார்கள் என்று நீதான் சொன்னாய். பக்கத்து ஊரான டெம்பியில் 2018 மார்ச்சில் ஊபரின் தானாக ஓடும் சோதனைக் கார் மோதி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டைக் கடந்த பெண் இறந்துபோனார். கண்காணிக்க உள்ளே இருந்த ஆள் செல்போனில் கண் வைத்திருந்தார். ஜீப்ரா கோடு இல்லாத இடத்திலும் மனுஷர் குறுக்கே வருவார் என்பதை அந்த மென்பொருள் கணக்கிலேயே எடுக்கவில்லை என்று விசாரணையில் வெளிவந்தது. அதைக் கேட்டதிலிருந்து என் மனசு ஆறவில்லை. நம்ம பக்கம் யார் கோடு பார்த்துக் கடக்கிறார்கள்? புல்லுக்கட்டைத் தலையில் வைத்து வருகிறவள் திரும்பிப் பார்க்க முடியாது. ஹாரன் சத்தத்தை வைத்துத்தான் ஒதுங்குவாள். அறுவடைக் காலத்தில் பாதி ரோட்டில் கொள்ளுச் செடி காயும். தைப்பூசத்துக்குக் காரைக்குடிப் பக்கத்திலிருந்து பழனிக்கு நடப்பவர்கள் நத்தம் வழியாகத்தான் போவார்கள், ராத்திரியிலும்.

இதையெல்லாம் வண்டிக்குச் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்பாய். சொல்லிக்கொடுத்துவிடுவீர்கள் என்று நானும் நம்புகிறேன். எனக்குள்ள கவலை வேறு.

ஒரு தடவை இருட்டுகிற நேரத்தில் ஒரு ஆட்டை அடித்துவிட்டேன். இறங்கிப் போய் அந்தக் கிழவி முன்னால் நின்றேன். அவள் என்னை ஏசித் தீர்த்தாள். சம்பளம் வாங்கியதும் பணத்தைக் கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன். மறு வாரம் அதே கிழவி கை காட்டி என் பஸ்ஸில்தான் ஏறினாள். ஆளில்லாத வண்டி ஆட்டை அடித்தால் அவள் யாரைப் போய்க் கேட்பாள்?

ஓட்டுநர் பிழைப்பு போய்விடும், அதனால் ஆளில்லா வண்டியை இந்தியாவில் விட மாட்டேன் என்று மத்திய அமைச்சர் கட்கரி 2017-லும் 2023-லும் பேசினார். என்னோடு வேலை பார்த்தவர்கள் வீட்டு அடுப்பை நினைத்தால் அதுவும் நியாயம்தான்.

இருந்தாலும் வேண்டாம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. கடைசி பஸ்ஸை விட்டுவிட்டால், நெஞ்சுவலி வந்தவரைத் திண்டுக்கல்லுக்குக் கொண்டுபோக எத்தனை வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியிருக்கிறது! மின்னசோட்டாவின் கிராண்ட் ராப்பிட்ஸ் என்ற சின்ன ஊரில், சக்கர நாற்காலியோடு ஏறுகிற மாதிரி வண்டிகளை 2022-இல் விட்டதாகக் காட்டினாயே, பனியிலும் ஓடுகிறது என்று. அதில் உதவிக்கு ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார் பார், அது எனக்குப் பிடித்தது. ஜப்பானில் ஏய்ஹெய்ஜி என்ற ஊரில் ஆளில்லா வண்டி, பழைய ரயில் பாதையில் இரண்டு கிலோமீட்டர், மணிக்கு 12 கிலோமீட்டர் வேகம். 2023 மே மாதம் ஆரம்பித்தார்கள். அக்டோபரில் நின்றிருந்த சைக்கிளில் மோதியதற்கே வண்டியை நிறுத்திவைத்து, சரிபார்த்து, அடுத்த மார்ச்சில்தான் திரும்ப எடுத்தார்கள். அப்படி நிறுத்தத் தெரிந்தவர்கள் வண்டி விட்டால் நான் முதல் ஆளாக ஏறுவேன். அம்மாவையும் ஏற்றுவேன்.

உன் ஆபீஸில் அந்தக் கிழவியின் ஆட்டைப் பற்றிக் கேள். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுது.

அம்மா மோர்மிளகாய் அனுப்பியிருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா