செவ்வாய்ப்பேட்டையிலிருந்து கலாவுக்கு

அன்புள்ள கலா,

உன் கடிதம் கிடைத்தது. நாலு பக்கத்தில் மூணு பக்கம் உன்னையே திட்டி நிரப்பியிருக்கிறாய். "41 வயசுல ஏடிஹெச்டியாம், சொன்னா ஊரே சிரிக்கும்." கவனம் ஓரிடத்தில் நிற்காத, பரபரப்பு அடங்காத ஒரு கோளாறு, அவ்வளவுதானே. சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும்டி.

எனக்கும் இதுதான் என்று டாக்டர் சொன்ன அன்று நிம்மதியாகத்தான் இருந்தது. கோபம் பிறகு வந்தது. உனக்கும் வரும், பயந்துவிடாதே. நாம் இருந்த கடைசி பெஞ்ச் ஞாபகம் இருக்கிறதா? எழுந்து ஓடுகிற பையன்கள் டீச்சர் கண்ணில் பட்டார்கள். ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்த நம்மை "சாதுப் பிள்ளைங்க" என்று விட்டுவிட்டார்கள். பெண்பிள்ளைகள் பலருக்கு இது தெரியாமலே போவது இப்படித்தான். வளர்ந்தால் தானாகப் போய்விடும் என்று அந்தக் காலத்தில் டாக்டர்களே நினைத்தார்கள். 2013ல் வந்த டிஎஸ்எம்-5 என்கிற, மனநல டாக்டர்கள் நோயைக் கண்டுபிடிக்கப் பார்க்கும் கையேட்டில் பெரியவர்களுக்கு அளவைத் தளர்த்தினார்கள்: பிள்ளைகளுக்கு ஒன்பது அறிகுறியில் ஆறு வேண்டும், 17 வயதிலிருந்து ஐந்து போதும். ஆனால் 12 வயதுக்கு முன்பே சில அறிகுறிகள் இருந்திருக்க வேண்டும். உன் அம்மாவை உட்காரவைத்து டாக்டர் துருவித் துருவிக் கேட்டது அதற்குத்தான்.

பத்து நாளாகியும் மாத்திரை வேலை செய்யவில்லை என்கிறாய். உனக்குக் கொடுத்திருப்பது ஆட்டமாக்ஸெட்டின். அது மெல்லத்தான் பிடிக்கும், சில வாரம் ஆகும். நான் போடும் மெத்தில்ஃபெனிடேட் வேறு ரகம், போட்ட அன்றே தெரியும். என்னைப் பார்த்து உன்னுடையதை நிறுத்திவிடாதே. பிபி, நாடித்துடிப்பு பார்க்கச் சொன்னால் தட்டிக்கழிக்காதே.

மாத்திரையால் கவனம் ஓரிடத்தில் நின்றது, கூச்சம் போகவில்லை. அது போனது பட்டறையில்தான். கொலுசு ஆர்டர் எல்லாம் போனில்தான் வரும். பின்னால் தட்டுகிற சத்தம், முன்னால் கூலிக்கு நிற்கிற ஆள், காதில் "பத்தரை இஞ்ச், முப்பது ஜோடி, சலங்கை வேண்டாம், கொக்கி மட்டும் மாத்துங்க." முன்பெல்லாம் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, போனை வைத்ததும் பதறுவேன். இப்போது, "அண்ணே, ஒரு நிமிஷம், எழுதிக்கிறேன். திருப்பிச் சொல்றேன், சரியான்னு பாருங்க" என்கிறேன். முதல் தடவை சொல்வதற்குள் நாக்கு வறண்டுவிட்டது. அந்தப் பக்கம் யாரும் முகம் சுளிக்கவில்லை. ஈரோட்டு வியாபாரி ஒருவர் இப்போது அவரே, "எழுதிட்டீங்களாம்மா? படிங்க" என்கிறார். என் ஞாபகத்தின் மேல் எனக்கு இன்றைக்கும் நம்பிக்கை இல்லை. கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிற போர்டின் மேல் இருக்கிறது, அது போதும். "தைரியமா இரு, உன்னால முடியும்" என்கிற பேச்செல்லாம் எனக்கு எரிச்சல்தான் மூட்டும்.

நேரமும் அப்படித்தான். அரை மணி நேரம் என்றால் எவ்வளவு என்று எனக்கு உடம்பில் தெரியாது. ஏற்காடு ஏறும்போது மட்டும் நான் பரபரப்பதே இல்லை, கவனித்திருக்கிறாயா? இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் எண் போட்டிருக்கும், இன்னும் எத்தனை பாக்கி என்று கண்ணுக்குத் தெரியும். அதே மாதிரி, மீதி நேரம் குறைவதைக் காட்டுகிற டைமர் ஒன்று வாங்கி மேஜையில் வைத்திருக்கிறேன். வங்கி வேலையெல்லாம் அதை வைத்துத்தான் ஓடுகிறது.

சாயந்திரம் மருந்து இறங்கும்போது சுள்ளென்று கோபம் வரும். அந்த நேரத்தில் கணக்கு கேட்க வேண்டாம் என்று இவரிடம் சொல்லிவிட்டேன். மத்தியானம் பசியே இருக்காது, சாயந்திரம் சேர்த்து எடுக்கும். நேராகத் தட்டுவடை செட் கடைதான். மாமியாருக்கு இதுதான் என் வியாதி என்று எண்ணம்!

அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது தூக்கம், பசி எப்படி என்று குறித்துக்கொண்டு போ. அங்கே போய் யோசித்தால் "நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவாய்.

ஆடியில் வராதே. கோட்டை மாரியம்மன் பண்டிகைக் கூட்டத்தில் ஒரு வார்த்தை பேச முடியாது. ஆவணியில் வார நாளாகப் பார்த்து வா. சின்னவள் எந்தக் காலேஜில் சேர்ந்தாள்? அதை எழுதவே இல்லையே நீ.

அன்புடன்,
மல்லிகா