மஞ்சளுக்குச் செய்ததை இனி எதற்கும் செய்யாதீர்கள்

இறக்குமதிக் கொள்கை வகுக்கும் மாண்புமிகு அமைச்சர்களுக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். திருகோணமலையில் தூள் அரைக்கும் மில் வைத்திருப்பவன் எழுதுகிறேன். போன வாரம் இங்கே நடந்த வியாபாரிகள் கூட்டத்தில் உங்கள் தரப்பிலிருந்து வந்த ஒருவர், "உலகமே கதவைச் சாத்துகிறது, நாமும் சாத்தினால்தான் தப்பலாம்" என்றார். நல்ல கைதட்டல். நான் தட்டவில்லை. எனக்கு மஞ்சள் ஞாபகம் வந்துவிட்டது.

2019 கடைசியில் மஞ்சள் இறக்குமதியை நிறுத்திய கதை உங்களுக்குத் தெரியும். உள்ளூர் விவசாயியைக் காப்பாற்றத்தான் என்றார்கள். சில மாதத்தில் கொரோனா வந்தது, கூலி வேலை நின்றது, மஞ்சள் மட்டும் கிலோ 4,000 ரூபாயைத் தாண்டியது. நட்ட மஞ்சளைக் கிண்டி எடுக்க எட்டு ஒன்பது மாதம் வேண்டும். தடையை அறிவிக்கும் வர்த்தமானி அடிக்க ஓர் இரவு போதும்.

மட்டிக்களியிலிருந்து ஓர் அம்மா பல வருடமாக என்னிடம் வருகிறார். செத்தல், மல்லி, பெருஞ்சீரகம், கூடவே ஒரு பிடி மஞ்சள் கொண்டுவருவார். அந்த வருடம் முந்தானையில் முடிந்து வந்தது இரண்டே துண்டு. தனியாக அரைக்கச் சொன்னார். "இது மில்லுக்குள்ளேயே ஒட்டிப் போயிடும் அம்மா" என்றேன். "அப்ப தட்டித் தாங்கோ தம்பி" என்று பேப்பரை விரித்துக்கொண்டு நின்றார். மூடியைக் கழற்றி, பிரஷ்ஷால் துடைத்துத் துடைத்துக் கொடுத்தேன். அவ்வளவு நேரமும் அவர் கண் என் கையிலேயே இருந்தது. களவெடுத்துவிடுவேனோ என்று. அவரில் பிழை இல்லை. அந்த நாட்களில் அரிசி மாவும் கோதுமை மாவும் கலந்த மஞ்சள் தூள்தான் ஊரெல்லாம் ஓடியது. மன்னார்க் கடலில் கஞ்சா பிடித்த கடற்படை கடத்தி வந்த மஞ்சள் மூட்டைகளைப் பிடித்துக்கொண்டிருந்தது. எவ்வளவு முன்னேற்றம்!

இந்தப் பாடம் நமக்கு மட்டும் வந்ததல்ல. 1930இல் அமெரிக்கா இறக்குமதி வரிகளை ஏற்றும் சட்டம் கொண்டுவந்தபோது, ஆயிரத்துக்கு மேற்பட்ட பொருளியலாளர்கள் கையெழுத்திட்டு வேண்டாம் என்றார்கள். ஜனாதிபதி ஹூவர் கையொப்பம் வைத்தார். கனடா பதிலுக்கு வரி போட்டது, மற்ற நாடுகளும் தொடர்ந்தன. 1933 ஆகும்போது உலக வர்த்தகத்தின் பெறுமதி 1929இல் இருந்ததில் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. பழி முழுவதும் அந்தச் சட்டத்தின் மேல் இல்லை, விலைகளும் வங்கிகளும் வேறு சரிந்தன. ஆனால் விழுந்துகொண்டிருந்தவனின் கையைத் தட்டிவிட்டது அதுதான்.

1970களில் இறக்குமதியை மூடியபோது யாழ்ப்பாணத்து மிளகாய், வெங்காயத் தோட்டக்காரர்கள் கல்வீடு கட்டினார்களே என்பீர்கள். கட்டினார்கள், சந்தோஷம். அதே காலத்தில் பாண் வரிசையில் விடிய முன்னமே போய் நின்றவர்களும் இந்த நாட்டில்தான் இருந்தார்கள்.

2025 ஏப்ரலில் அமெரிக்கா நம் பொருட்களுக்கு 44 வீத வரி அறிவித்தபோது, குறையுங்கள் என்று கேட்கப் போனீர்கள். ஓகஸ்ட்டில் அது 20 வீதமாகியது. நல்ல காரியம், ஆடைத் தொழிற்சாலைகளில் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளும் நிற்கிறார்கள். அங்கே போய்க் கதவைத் திற என்று கேட்டுவிட்டு, இங்கே வந்து நம் கதவைச் சாத்தச் சொன்னால் எப்படி, ஐயா?

விவசாயிக்கு உதவத்தான் வேண்டும். முதலில் விதைமஞ்சள் கொடுங்கள், கடன் கொடுங்கள், கிண்டி எடுக்கும் காலத்தில் மட்டும் அளவாக வரி போடுங்கள், அதையும் ஆறு மாதம் முன்பே சொல்லுங்கள். ஒரே இரவில் தடை மட்டும் வேண்டாம். மஞ்சளுக்குச் செய்ததை இனி எதற்கும் செய்யாதீர்கள்.

வர்த்தமானியின் தமிழ்ப் பிரதி எங்கள் கைக்கு வருவதற்குள் சாமான் கடையை விட்டுப் போய்விடுகிறது, பெரிய கடைக்காரர்களுக்கு மட்டும் முதல்நாளே எப்படியோ தெரிந்துவிடுகிறது. சரி, அதை இன்னொரு மடலில் எழுதுகிறேன்.

கோபத்தில் ஏதும் கூடச் சொல்லியிருந்தால் மன்னிக்கவும். அடுத்த தடைப் பட்டியலில் கையொப்பம் வைக்கும் முன் எங்களைப் போன்றவர்களையும் ஒருமுறை கூப்பிட்டுக் கேட்கும்படி தாழ்மையுடன் வேண்டுகிறேன். அந்த அம்மா இன்னும் வருகிறார், இப்போது மறுபடியும் ஒரு பிடி மஞ்சளோடு. மில் சத்தம் நிற்கும் வரை என் கையைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

இப்படிக்கு,
மில்காரன்,
திருகோணமலை