லண்டன் ஆட்டமும் புரூஸ் ஸ்லாஸும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முதல் உலகப் போரின்போது ஆஸ்திரேலியச் சிப்பாய்கள் லண்டனில் ஆடிய தங்கள் நாட்டுக் கால்பந்தாட்டம் குறித்துச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். 1916 அக்டோபர் 28 அன்று குயின்ஸ் கிளப் மைதானத்தில் செஞ்சிலுவைச் சங்க நிதிக்காக நடந்த அந்த ஆட்டத்தை வேல்ஸ் இளவரசர் வந்து பார்த்ததைச் சுவைபட எழுதியிருக்கும் கட்டுரையாளர், வென்ற அணித் தலைவரின் பெயரைக்கூடக் குறிப்பிடாதது எனக்கு மிகுந்த வருத்தம் அளித்தது.

அவர் பெயர் புரூஸ் ஸ்லாஸ். எசெண்டன் அணியில் தொடங்கி, 1910 முதல் சவுத் மெல்பர்ன் அணிக்கு ஆடியவர். விக்டோரியா மாநில லீக்கின் 1914 இறுதி ஆட்டத்தில் அந்த அணி கார்ல்டனிடம் ஆறு புள்ளிகளில், அதாவது ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில், தோற்றது. விக்டோரியா லீக்கில் ஸ்லாஸ் அதன்பின் ஆடவில்லை. இயந்திரத் துப்பாக்கிப் படைப்பிரிவில் லெப்டினன்ட் ஆனார். வீரர்கள் பலர் போருக்குப் போய்விட, 1916இல் அந்த லீக்கே நான்கு அணிகளாகச் சுருங்கியது.

லண்டனில் அவர் தலைமையேற்றது, ஜெனரல் மொனாஷின் கீழ் இங்கிலாந்தின் சாலிஸ்பரி சமவெளியில் பயிற்சி பெற்றுவந்த ஆஸ்திரேலியப் படையின் மூன்றாம் டிவிஷனின் அணிக்கு. நீலச் சட்டையின் மார்பில் வெள்ளை நிறத்தில் ஆஸ்திரேலிய வரைபடம். எதிரணியான பயிற்சிப் பிரிவினரின் சிவப்புச் சட்டையில் வெள்ளைக் கங்காரு. ஆறு கோலும், ஒரு புள்ளி மட்டுமே தரும் பிஹைண்டு பதினாறும் எடுத்து, 52-36 என்ற கணக்கில் மூன்றாம் டிவிஷன் வென்றது. அடுத்த மாதமே அந்த டிவிஷன் பிரான்சுக்குக் கப்பலேறியது. 1917 ஜனவரி 4 அன்று ஆர்மென்டியேர் அருகே ஸ்லாஸ் கொல்லப்பட்டார். ஆட்டம் முடிந்து பத்து வாரம்கூட ஆகவில்லை. அவருக்கு இருபத்தெட்டு வயதும் நிறையவில்லை.

அவர் ஒருவரோடு இது முடியவில்லை. எதிரணியில் ஆடிய, 1913இல் கோப்பை வென்ற ஃபிட்ஸ்ராய் அணியைச் சேர்ந்த ஜாக் கூப்பரும் 1917இல் பெல்ஜியத்தில் மாண்டார். போர்முனைக்குப் புறப்படக் காத்திருந்தவர்கள் ஆடிய ஆட்டத்தை, இளவரசர் வந்து பார்த்த வேடிக்கையாக மட்டும் எழுதுவது, என் எண்ணத்தில், அவர்களுக்குச் செய்யும் நியாயம் ஆகாது. அன்று ஆடியவர்களில் போரில் இறந்தோர் ஒவ்வொருவரின் பெயரையும் ஊரையும் ஆடிய அணியையும் தாங்கிய ஒரு தொடர் கட்டுரையை, ஆஸ்திரேலியப் போர் நினைவு நாளான அன்சாக் தினம் அடுத்து வருவதற்கு முன்பாகத் தாங்கள் வெளியிட வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மெல்பர்ன்