ஃப்ளெக்ஸில் இடம் பெறாதவர்களுக்கு

பாலக்கோட்டுச் சுற்றுவட்டார உறவுகளுக்கும், கம்போடியாவின் பிரே வெங் மாகாணத்தில் என்னைத் தங்கள் வீட்டுப் பெண்ணாக வைத்திருந்த குடும்பத்துக்கும் வணக்கம்.

நான் திரும்பி வந்த வாரமே பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டார்கள். கடல் கடந்து ஆங்கிலம் கற்பித்த தங்க மங்கையாம். கல்லூரி அடையாள அட்டையில் இருந்த, தூக்கக் கலக்கத்தில் எடுத்த படத்தை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கியிருந்தார்கள். வைத்த தம்பிகளுக்கு நன்றி, பாசத்தில் செய்ததுதான். ஆனால் அதில் என் முகம் மட்டும் இருப்பது உறுத்துகிறது. ஒரு கிராமத்துப் பள்ளியில் சில மாதம் சம்பளமில்லாமல் வகுப்பெடுத்தேன், அவ்வளவுதான் நான் செய்தது. அதற்கு என்னைத் தயார் செய்தவர்கள், அனுப்பிவைத்தவர்கள், அங்கே தாங்கிப் பிடித்தவர்கள் யாருக்கும் ஃப்ளெக்ஸ் இல்லை. அவர்களுக்காகத்தான் இந்த மடல்.

முதலில் எங்கள் அரசு மேல்நிலைப் பள்ளி ஆங்கில ஆசிரியர். சார், உங்களிடம் வரும்வரை எனக்கு ஆங்கிலம் என்பது பொருள் தெரியாமல் நெட்டுரு போடும் பாடம். நீங்கள்தான் முதல் பெஞ்சை விட்டுவிட்டுக் கடைசி பெஞ்சிலிருந்து ஆரம்பித்தீர்கள். வகுப்பில் இருக்கிற அத்தனை பேரும் ஒரு தடவையாவது வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் அடுத்த வாக்கியம். பாடம் முடியவில்லை என்று மேலிடத்தில் திட்டு வாங்கினாலும் அதை நீங்கள் மாற்றிக்கொள்ளவில்லை. பிரே வெங்கில் முதல் நாள் கரும்பலகை முன் நின்றபோது எனக்குத் தெரிந்த ஒரே முறை உங்களுடையதுதான். அதையே செய்தேன், எடுபட்டது.

அப்புறம், எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு. கொரோனாவில் விட்டுப்போன பாடங்களை ஈடுகட்ட 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோது, மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்குத் தன்னார்வலராகச் சேர்ந்தேன். மாரியம்மன் கோயில் திண்ணையில் ஒன்று முதல் ஐந்து வரை படிக்கும் பிள்ளைகளுக்குத் தமிழும் கணக்கும் சொல்லிக்கொடுத்தேன். ஆங்கிலத்தை முழுப் பாடமாக நடத்தியது கம்போடியாவில்தான், அதுவே முதல் தடவை. ஆனால் இருபது பிள்ளைகளைக் கத்தாமல் உட்காரவைக்கும் வித்தையைத் திண்ணையில்தான் பழகினேன். நான் கிளம்புகிறேன் என்றதும் அந்தப் பிள்ளைகள் மாம்பழ அட்டைப் பெட்டிகளை வெட்டிப் படம் வரைந்து ஒரு கட்டு அட்டை செய்து கொடுத்தார்கள். ஆடு, மாடு, டவுன் பஸ், தக்காளிக் கூடை, பனைமரம்.

அந்தப் பனைமரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கே முதல் வாரம் முழுக்கப் பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள், பேச மாட்டார்கள். சிலருக்கு ஏமாற்றமும் இருந்திருக்கும். ஆங்கில டீச்சர் என்றால் வெள்ளைக்காரி வருவாள் என்றுதான் ஊரில் பேசிக்கொண்டார்களாம். ஒரு காலையில் அட்டைக் கட்டை மேசைமேல் வைத்துவிட்டுச் சாக்பீஸ் தேடிக்கொண்டிருந்தேன். முன்வரிசைப் பையன் ஒருவன் மெதுவாக எழுந்து வந்து, பனைமர அட்டையை உருவி, வகுப்பைப் பார்த்து உயர்த்திப் பிடித்தான். அவ்வளவுதான், வகுப்பே "த்னௌத்! த்னௌத்!" என்று அலறியது. பனை நமக்கு மாநில மரம், அவர்களுக்கு அது தேசிய மரம். எங்கள் தெரு நான்காம் வகுப்புப் பெண் வரைந்த மரத்தை அவர்கள் ஜன்னல் வழியே வயலில் காட்டினார்கள். அதற்குப் பிறகு ஒரே கேள்விமயம்தான். இந்தப் பெண்ணின் பெயர் என்ன, அவள் வீட்டில் எத்தனை மாடு, பஸ் ஏன் இந்த நிறம்... எல்லாம் அவர்கள் மொழியான கெமரில் எனக்குத் தெரிந்த நாலு வார்த்தையிலும் அவர்களுக்குத் தெரிந்த நாலு ஆங்கில வார்த்தையிலும்.

வீட்டுக்கு வருகிறேன். கல்யாணப் பேச்சு நடக்கிற வயதில், காசு வராத வேலைக்கு வெளிநாடா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான், இப்போதும் எனக்கு அதில் வருத்தமில்லை. பெரியப்பாதான் வழி செய்தார். "அந்த ஊர் ஹெட்மாஸ்டர்கிட்ட நான் பேசணும், அப்புறம் முடிவு பண்ணலாம்" என்றார். வீடியோ காலில் பேசினார்கள். இவருக்குத் தமிழும் தெலுங்கும், அவருக்குக் கெமரும் கொஞ்சம் பிரெஞ்சும். ஒரு வார்த்தை ஒத்துவரவில்லை. பெரியப்பா எழுந்து போய்த் தக்காளித் தோட்டத்தைக் காட்டினார். ஹெட்மாஸ்டர் படியிறங்கி வந்து நெல் வயலையும் வாத்துகளையும் காட்டினார். போனை வைத்துவிட்டுப் பெரியப்பா, "விவசாயக் குடும்பம், போகட்டும்" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

பெங்களூரில் வேலை பார்க்கும் சீனியர் அக்கா இல்லாவிட்டால் நான் வேறு இடத்தில் மாட்டியிருப்பேன். முதலில் நான் பேசிய ஏஜென்சி, தன்னார்வப் பணி என்று சொல்லிக்கொண்டே லட்சக்கணக்கில் கட்டணம் கேட்டது. பெயர் வேண்டாம். அநாதை இல்லத்தில் தங்கிக் குழந்தைகளோடு விளையாடலாம் என்று படமும் அனுப்பியது. அக்கா அதைப் பார்த்துவிட்டு மூன்று கேள்வி கேட்கச் சொன்னார். உங்களிடம் போலீஸ் சான்றிதழ் கேட்கிறார்களா? நீங்கள் கிளம்பிய பிறகு அந்த வகுப்பை யார் எடுப்பார்? பணம் எங்கே போகிறது? மூன்றுக்கும் அங்கே பதில் இல்லை. கம்போடியாவின் அநாதை இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார்கள். வெளிநாட்டு விருந்தாளிகளின் பணம் வருவதால்தான் அந்த இல்லங்கள் பெருகின என்பதையும் அக்கா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அரசுப் பள்ளியோடு சேர்ந்து வேலை செய்யும் ஒரு சிறிய அமைப்பைக் கண்டுபிடித்துக் கொடுத்ததும் அவர்தான். அவர்கள் கேட்ட முதல் காகிதமே போலீஸ் சான்றிதழ்.

அந்தச் சான்றிதழுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுத்த பிரவுசிங் சென்டர் தம்பிக்கும், விசாரணைக்கு வீட்டுக்கு வந்து மோர் மட்டும் குடித்துவிட்டுப் போன காவலருக்கும் நன்றி. விசாவில் டி (T) வகை சுற்றுலாவுக்கு, நமக்கு வேண்டியது ஈ (E) வகை என்று விவரம் தேடிச் சொன்னதும் அந்தத் தம்பிதான். சித்தப்பா மகனுக்குத் தனி நன்றி. கம்போடியாவில் ரியெல் நோட்டோடு டாலரும் கடைத்தெருவில் புழங்கும். ஆனால் ஓரம் கொஞ்சம் கிழிந்த டாலரைக்கூட வாங்க மாட்டார்கள். இதைக் கேள்விப்பட்டு அவன் பெங்களூரில் மாற்றிய ஒவ்வொரு நோட்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, புத்தகத்துக்குள் வைத்துக் கொண்டுவந்தான். அங்கே ஒரு நோட்டும் திரும்பி வரவில்லை.

இனி அந்தக் கரைக்கு. இந்த மடலை அங்கே இருக்கும் டீச்சருக்கு ஆங்கிலத்தில் வாசித்துக்காட்டப் போகிறேன், அதனால் அவரைப் பற்றி அடக்கமாகவே எழுதுகிறேன். நான் வகுப்பெடுத்தேன் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்களே, பாதி வகுப்பு அவருடையது. கெமரில் சொல்லின் கடைசி மெய்யை வெடித்துச் சொல்லும் வழக்கமில்லை. கடைசியில் வரும் 'ஸ்' காற்றாய்ப் போய்விடும். அதனால் 'ரைஸ்' வெறும் 'ரை' ஆகும், 'லைக்' பாதியில் நிற்கும். நான் தொண்டை வறள நூறு தடவை சொல்லிக்கொடுத்தும் பலனில்லை. டீச்சர் ஒன்றும் பேசாமல் எழுந்து, சொல்லின் முடிவில் விரலால் காற்றில் ஒரு பாம்பு வரைந்தார். பிள்ளைகள் எல்லோரும் விரலை நெளித்து 'ஸ்ஸ்' என்றார்கள். மறுநாளிலிருந்து சாப்பாட்டு நேரத்தில்கூட 'ரைஸ்' சொல்லும்போது பாம்பு ஓடியது. எங்கள் ஊரில் இதற்கு நேர் எதிர், 'புக்கு', 'பஸ்ஸு', 'ரைஸு' என்று ஓர் உகரம் கூடவே ஒட்டிக்கொள்ளும் என்று சொன்னேன். "உங்களிடம் மிச்சமிருப்பதை எங்களுக்கு அனுப்பிவிடுங்கள்" என்றார்.

காலை ஒரு பிரிவு, மதியம் ஒரு பிரிவு என்று இரண்டு ஷிப்ட்டாக நடக்கிற பள்ளி அது. டீச்சர் இரண்டிலும் நிற்பார். போதாதென்று சாயங்காலம் வீட்டில் என் மறுநாள் பாடத்தைத் திருத்துவார். "பனி என்றால் என்னவென்று இவர்களுக்குத் தெரியாது, அதை எடுத்துவிட்டு வெள்ளம் வையுங்கள்" என்பார். சரி, எனக்கும் பனியைவிட வெள்ளம் வசதிதான்.

நான் தங்கியிருந்த வீட்டு மிங்குக்கு. அத்தை, சின்னம்மா எல்லோரையும் அங்கே மிங் என்றே கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். போன நாளே என்னை வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போய் அடிகுழாயைக் காட்டிக் கையை ஆட்டினார். வேண்டாம் என்று அர்த்தம். மேக்கொங் சமவெளியில் பல குழாய்க் கிணறுகளில் ஆர்செனிக் என்கிற நஞ்சு இருக்கிறது. பரிசோதித்து, ஆகாத குழாய்க்குச் சிவப்புப் பெயின்ட் அடித்திருப்பார்கள். குடிக்க, மழைநீர் பிடித்து வைக்கும் பெரிய சிமென்ட் சால்கள். எனக்கு விளக்கமே தேவைப்படவில்லை. ஃப்ளோரைடு தண்ணீரால் பல்லில் காவிக் கறை படிந்த தலைமுறையில் பிறந்தவள் நான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வரும்வரை நாங்களும் கிணற்றைப் பார்த்துப் பயந்தவர்கள்தான். (ஒகேனக்கல் திட்டத்துக்கு ஜப்பான் கடன். புனோம் பென்னிலிருந்து பிரே வெங் போகும் வழியில் 2015-ல் திறந்த மேக்கொங் பாலத்துக்கும் ஜப்பான் பணம். இதைச் சொன்னதும் ஹெட்மாஸ்டர் என்னை ஏறக்குறைய சொந்தக்காரியாகவே சேர்த்துக்கொண்டார்.)

மிங் வைக்கும் சம்லோ மச்சூ என்கிற புளிப்புக் குழம்பில் நம்ம ஊர்ப் புளியேதான். பிரஹோக் என்கிற ஊறவைத்த மீனைப் பார்த்து வெளிநாட்டுக்காரர்கள் மூக்கைப் பொத்துவார்களாம். கருவாட்டுக் குழம்பில் வளர்ந்த எனக்குச் சோறு இறங்கியது. பதிலுக்கு நான் கொண்டுபோயிருந்த கேழ்வரகு மாவில் களி கிண்டினேன். மிங் உருண்டையைத் தொட்டுப் பார்த்து, மெல்லப் போனார். மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும் என்று நடித்துக் காட்டியதில் வீடே சிரித்தது. பாட்டி மட்டும் இரண்டாம் உருண்டை கேட்டார்.

அந்தப் பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. 1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் என்கிற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சியில் பள்ளிகளை மூடினார்கள், படித்தவர்களை, ஆசிரியர்களைத் தேடிக் கொன்றார்கள். அவருடைய அண்ணன் வாத்தியார். அதற்குமேல் பாட்டி சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் தினமும் பேரப்பிள்ளைகளை நான் வாசிக்கவைக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார். அவர் உட்கார்ந்தால் பிள்ளைகள் ஒழுங்காகப் படிப்பார்கள். அதற்கும் நன்றி, பாட்டி.

நான் போனதால் அந்தக் கிராமத்தில் ஆங்கிலம் பெருகிவிட்டது என்று யாரும் மேடையில் பேச வேண்டாம், தயவுசெய்து. 1999-ல் தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானில் சேர்ந்ததிலிருந்து அந்த நாட்டுக்கு ஆங்கிலம் தேவைப்படுகிறது, அங்கோர் வாட் பார்க்க வருகிறவர்கள் தங்கும் சியெம் ரீப் ஓட்டல் வேலைக்கும் அதுதான் வழி. சில மாதத்தில் வந்து போகிறவர்களால் அது நடக்காது. இன்று காலையும் அந்த வகுப்பை டீச்சர்தான் எடுத்திருப்பார், மாம்பழ அட்டைகள் அவரிடம்தான் இருக்கின்றன. நானும் போகிறேன் என்று கேட்டு வரும் தங்கைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தான் இருப்பேன். அக்காவின் மூன்று கேள்விகளோடு வாருங்கள்.

கடைசியாகச் சின்னம்மாவுக்கு. டிக்கெட்டுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று அம்மாவிடம் இதுவரை சொல்லவில்லை, இனி ஊருக்கே தெரிந்துவிட்டது. இப்போது ஒரு தனியார் பள்ளியில் சேர்ந்திருக்கிறேன், சம்பளம் வர ஆரம்பித்துவிட்டது. ஆடிக்குள் செயினை மீட்டுவிடுகிறேன். அதுவரை யார் கேட்டாலும் பாலீஷ் போடக் கொடுத்திருக்கிறேன் என்றே சொல்லிக்கொண்டிருங்கள்.