மூடி திறக்காத இரவு

பாலிக் பூலாவ், பினாங்கு

அன்பு மகளுக்கு,

அம்மா நலம். பொழுது எப்படிப் போகிறது என்று நேற்று நீ கேட்டபோது சரியாகச் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அப்பா போன பிறகு வீட்டில் நிறைந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை. இப்போது அதே அமைதியைத் தேடி நானே கொல்லைக்குப் போகிறேன். பாதி காய்ந்த மண் குவளையை மடியில் வைத்து, தித்தி கெராவாங் அருவியில் சிறுவயதில் நீ பொறுக்கி வந்த கூழாங்கல்லால் மெல்ல மெல்லத் தேய்க்கிறேன். ஒரு மணி நேரத்தில் மண் தானே பளபளக்கத் தொடங்கும். மனம் வேறெங்கோ போன இடத்தில் கீறல் விழுந்திருக்கும். அதை மறைக்க முடியாது.

மட்பாண்ட வகுப்பின் சூளையில் ஒருமுறை சுட்டு வாங்கிய பிறகு, பழைய எண்ணெய்ப் பீப்பாயில் மரத்தூளுக்குள் அதைப் புதைத்து, மேலே தேங்காய் மட்டையால் தீ மூட்டி, கங்கு பிடித்ததும் மூடிவிடுவேன். இரவு முழுவதும் அது தணலாகக் கீழிறங்கும். காற்று போதாத புகையின் கரி மண்ணின் நுண்துளைகளில் ஏறிக் கறுப்பாகிறது. கோலா கங்சாருக்கு அருகே சாயோங்கில் லாபு என்னும் சுரைக்காய் வடிவத் தண்ணீர்க் குடத்தைச் சூடாக உமியில் புதைத்துக் கறுக்க வைப்பதும், கீழடியிலும் ஆதிச்சநல்லூரிலும் கிடைத்த கறுப்பு சிவப்புப் பானைகளின் உட்புறம் கறுத்ததும் இதே புகையின் வேலைதான். ராக்கு என்னும் ஜப்பானியச் சுடும் முறையில் ஏறத்தாழ 1000 பாகை செல்சியஸ் வெப்பத்தில் தகதகக்கும் பாத்திரத்தை இடுக்கியால் வெளியே எடுப்பார்கள்; அழகுதான், ஆனால் என் மனம் இந்த மெதுவான நெருப்பில்தான் அடங்குகிறது.

போன மாதம் பொறுமையிழந்து விடிவதற்குள் மூடியைத் திறந்தேன். 'டிக்' என்று ஒரு சிறு சத்தம். விளிம்பிலிருந்து அடிவரை விரிசல். சூட்டில் இருக்கும் மண்ணில் குளிர்காற்று படக்கூடாது என்று படித்திருந்தேன், மகளே; படித்தது கைக்கு வந்து சேரவில்லை. இம்முறை விடிந்து, வெயில் ஏறி, பீப்பாயின் வெளிப்புறம் கைக்குக் குளிர்ந்த பிறகே திறந்தேன். அதுவரை மாமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன்; உன்னைக்கூட அழைக்கவில்லை.

அந்தக் குவளையைப் பெரியம்மாவிடம் கொடுத்தனுப்புகிறேன். தேநீர் ஊற்றாதே, நீர் கசியும். கழுத்துக்குக் கீழே சாம்பல் நிறத் திட்டு ஒன்று இருக்கும். மரத்தூள் சரிந்து காற்றுப் புகுந்த இடம் அது. அழுக்கென்று நினைத்துத் தேய்த்துவிடாதே.

அன்புடன்,
அம்மா