கல்லணை–பூம்புகார் சாலை வழித்துணைப் பிள்ளையார் கோயில்: திருப்பணி நிறைவு அறிக்கை

அங்கத்தினர் அனைவருக்கும் வணக்கம்.

நம் ஊர் ரோட்டோரப் பிள்ளையார் கோயில் திருப்பணி முடிந்து, ஆவணியில் கும்பாபிஷேகமும் அதைத் தொடர்ந்து 48 நாள் மண்டலாபிஷேகமும் நல்லபடியாக நடந்தேறின. தணிக்கை முடிந்த வரவு செலவுக் கணக்கு தனித் தாளாக இதனுடன் வருகிறது. அதனால் பணத்தைப் பற்றி இங்கே அதிகம் பேசவில்லை. வெளியூரில் இருக்கும் அங்கத்தினர் பலரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "பின்னால் தள்ளிப் புதுசாகவே கட்டியிருக்கலாமே, ரோட்டை ஒட்டியே ஏன்?" அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் ரோட்டைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும்.

நம் வாசலில் போவது மாநில நெடுஞ்சாலை 22. கல்லணையில் புறப்பட்டு, திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு, கும்பகோணம், மயிலாடுதுறை என்று வந்து, பூம்புகாரில் கடலைப் பார்த்து முடிகிறது. கல்லணையில் காவிரித் தண்ணீர் கொள்ளிடம், வெண்ணாறு, 1934இல் வெட்டிய கல்லணைக் கால்வாய் என்று நாலு பக்கமும் பிரிந்து போனாலும், இந்தச் சாலை காவிரியின் துணையை மட்டும் விடாமல் கடல்வரை வருகிறது. ஆற்றங்கரைப் பாதைதான் காலப்போக்கில் வண்டிப்பாதையாகி, கப்பி ரோடாகி, தார் ரோடாகியிருக்கிறது. கும்பகோணத்தைத் தாண்டினால் திருபுவனத்துப் பட்டுத் தறி, திருவிடைமருதூர்க் கோபுரம், 1922இல் தொடங்கிய ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம், நாதஸ்வரம் கடையும் நரசிங்கம்பேட்டை நாயனப் பட்டறை, அடுத்து குத்தாலம். இவ்வளவு நெருக்கமாக ஊரும் கோயிலும் கோத்த ரோடு வேறு ஒன்று இருக்குமா என்பது சந்தேகம்தான். தேவாரத் தலங்களில் காவிரித் தென்கரையில் மட்டும் 127. அவற்றில் எத்தனையோ தலங்களுக்கு இந்த ரோட்டில் இறங்கித்தான் போகவேண்டும்.

அறிவிப்புப் பலகையில் "கோவலனும் கண்ணகியும் இளைப்பாறிய இடம்" என்று எழுதலாம் என்று இரண்டு பேர் யோசனை சொன்னார்கள். குழு ஒத்துக்கொள்ளவில்லை. அவர்கள் புகாரிலிருந்து மேற்கே நடந்தது காவிரியின் வடகரை வழியாக என்று சிலப்பதிகாரமே சொல்கிறது. நாம் இருப்பது தென்கரை. பிள்ளையாருக்கு இல்லாத பெருமையைச் சேர்த்து அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

இருக்கிற பெருமையே போதும். ஐப்பசியில் மாயவரம் (மயிலாடுதுறை) துலாக்கட்டத்தில் காவிரி நீராடப் போகிறவர்களும், மாதக் கடைசி நாளான கடைமுகத்துக்கும் மறுநாள் முடவன் முழுக்குக்கும் ஓடுகிறவர்களும், ஆடி அமாவாசை, தை அமாவாசைக்குப் பூம்புகார் போகிறவர்களும் இங்கே ஒரு காய் உடைத்துவிட்டுத்தான் போவார்கள். புது வண்டி எடுத்தவர் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பதும் இங்கேதான். விக்கிரவாண்டியிலிருந்து தஞ்சாவூர் போகும் நாலுவழிச் சாலை வந்த பிறகு தூரத்து லாரிகள் அந்தப் பக்கம் போகலாம். டவுன் பஸ்ஸும் அறுவடை மிஷினும் மாலை போட்ட சாமிகளும் இன்றும் நம் ரோட்டில்தான். வழிப்போக்கருக்கென்று உட்கார்ந்தவரைத் தெருவுக்குள் கொண்டுபோய் வைத்தால் அவர் யாருக்கு வழித்துணை? அதனால்தான் நகர்த்துவதில்லை, இருந்த இடத்திலேயே உயர்த்துவது என்று பொதுக்குழு முடிவெடுத்தது.

உயர்த்த வேண்டி வந்ததற்கும் ரோடுதான் காரணம். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு, ரோடு கோயிலைவிட மேலே போய்விட்டது. பெரியவர்கள் சின்ன வயதில் படியேறிக் கும்பிட்ட கோயிலுக்கு நாம் குனிந்து இறங்கவேண்டி வந்தது. கார்த்திகை அடைமழையில் ரோட்டுத் தண்ணீர் முழுக்கக் கருவறைக்குள் வந்துவிடும். குருக்கள் அர்ச்சனைத் தட்டை வைத்துவிட்டு வாளியை எடுப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். மேல்தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகே புதிதாகச் சாலை போட வேண்டும் என்று 2021இல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு அறிவுறுத்தினார். நமக்கு அது கொஞ்சம் பிந்தி வந்த நல்ல செய்தி. இனிமேலாவது மட்டம் ஏறாது என்ற நம்பிக்கையில்தான் உயரத்தைக் கணக்குப் போட்டோம்.

வேலை தொடங்குமுன் சர்வேயரை வைத்துப் புலப்படத்தின்படி அளந்தோம். கோயில் கட்டடம் ஊர்க் குடியிருப்புக்கான நத்தம் இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் முன்னால் நீட்டியிருந்த தகரக் கொட்டகை நெடுஞ்சாலைப் புறம்போக்கில் இருந்தது. அதை நாமே பிரித்துவிட்டோம். கொட்டகைக்கு நன்கொடை கொடுத்த குடும்பத்தாருக்கு வருத்தம் உண்டு. குழுவுக்கும் அது தெரியும். அளவுக் கல்லுக்கு அந்தப் பக்கம் கால் வைத்துக்கொண்டு ரோட்டைக் குறைசொல்ல நமக்கு வாய் இருக்காது.

பாலாலயம் (தற்காலிகக் கோயில்) செய்து மூலவரை ஓலைக் கொட்டகையில் எழுந்தருளச் செய்த பிறகு அடித்தளத்தைச் சுற்றித் தோண்டினோம். ரோட்டுப் பக்கம் வெட்டிய குழியைப் பார்க்க ஊரே வந்து நின்றது. மேலே அடுக்கடுக்காகத் தார், ஒவ்வொன்றும் ஒவ்வொரு கறுப்பு. அதற்குக் கீழே கையால் உடைத்த கருங்கல் கப்பி. கப்பிக்குக் கீழே செம்மண். அதற்கும் கீழே மாட்டுவண்டிச் சக்கரம் அழுத்திய களிமண், இரும்பு மாதிரி கெட்டி. அந்தக் கப்பி மட்டத்தில்தான் நம் கோயிலின் பழைய மூன்று படிகளும் புதைந்து கிடந்தன. நடுப்படி தேய்ந்து குழிந்திருந்தது. பக்கத்தில் சாய்ந்து கிடந்த ஒரு கல்லைக் கழுவிப் பார்த்தால் மாயவரத்துக்கு மைல் போட்ட பழைய மைல் கல். படிகளைச் சீர்செய்து மறுபடி வாசலில் பதித்திருக்கிறோம். மைல் கல் கோயில் சுற்றுக்குள் வேப்பமரத்தடியில் நிற்கிறது. அதற்கு யாரும் பொட்டு வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். ஏற்கெனவே ஒருவர் வைத்துவிட்டார்.

கட்டடத்தை இடிக்காமல், வீடு தூக்கும் தொழிலாளரைக் கொண்டு ஜாக்கி வைத்துத் தூக்கினோம். சுவருக்கு அடியில் கொஞ்சம் கொஞ்சமாகச் செங்கல்லை எடுத்து, இரும்புச் சட்டம் சொருகி, அதன் கீழே ஜாக்கிகளை நிறுத்தினார்கள். மேஸ்திரி விசில் ஊதினால் எல்லா ஜாக்கியும் ஒரே சமயத்தில் கால் சுற்று. பிறகு நிறுத்தி ரசமட்டம் பார்ப்பார். மறுபடி விசில். கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் விமானம் மேலே வந்தது. வடமேற்கு மூலையில் மட்டும் மயிரிழை விரிசல் விட்டது. ஸ்தபதி அதைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைத்து, சுதை வேலையையும் புதுப்பித்துக் கொடுத்தார். மழை குறுக்கே வந்து வேலை சிலகாலம் நின்றது. தாமதத்துக்கு வேறு காரணம் இல்லை.

சிலையைப் பீடத்தோடு ஒட்டும் அஷ்டபந்தன மருந்தை இங்கேயே இடித்தோம். கொம்பரக்கு, குங்கிலியம், சுக்கான் தூள், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் எட்டும் சேர்ந்து இளகும்வரை உலக்கை ஓயவில்லை. மேலத்தெரு இளைஞர்கள் முறைபோட்டுக்கொண்டு இடித்தார்கள். கும்பாபிஷேகத்தன்று வாசித்த நாயனம் நரசிங்கம்பேட்டையில் செய்தது. 2022இல் புவிசார் குறியீடு பெற்ற, ஆச்சா மரத்தில் கடையும் வாத்தியம். நாதஸ்வர மேதை திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளைக்கு ரங்கநாதன் ஆசாரி, நீளம் கூடிய, சுருதி தாழ்ந்த பாரி நாயனம் செய்துகொடுத்த பட்டறைத் தெரு நமக்குக் கூப்பிடு தூரம்தானே. தோடி ஆலாபனை நடந்தபோது பஸ்காரர்கள் ஆரன் அடிக்காமல் ஊர்ந்து போனதையும் நன்றியோடு பதிவு செய்கிறோம்.

மீதி இருப்பது வடிகால் மூடி மட்டும். கோயிலுக்கு முன்னால் உள்ள சாலை வடிகாலுக்குக் கான்கிரீட் மூடி போட அனுமதி கேட்டு நெடுஞ்சாலைத் துறைக்கு எழுதியிருக்கிறோம். அனுமதி வரும்வரை அதன்மேல் பலகை போட்டு வண்டி ஏற்ற வேண்டாம். குறுவை அறுவடையில் ரோட்டில் நெல் காயவைப்பவர்கள் கோயில் வாசல் அகலத்தை மட்டும் விட்டுவிடவும். முகவரி சரியில்லாமல் சில ரசீதுகள் திரும்பி வந்துள்ளன. ரசீது கிடைக்காதவர்கள் சாயரட்சை (மாலைப் பூஜை) நேரத்தில் கோயிலுக்கு வந்து குழுப் பொருளாளரிடம் பெற்றுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்