வரிச் சண்டை அல்ல, அடிமைமுறைதான்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். வரியும் மாநில உரிமையும்தான் காரணம் என்று எழுதி, அடிமைமுறையை ஒரே வரியில் கடந்துபோனது மனதுக்கு வருத்தமாக இருந்தது.

தெற்கிலிருந்து தப்பி வந்த அடிமைகளைப் பிடித்து உரிமையாளரிடம் திருப்பி ஒப்படைக்கச் சொன்ன, 1850-இல் வந்த தப்பியோடிய அடிமைகள் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிடிபட்டவர் தன் தரப்பில் சாட்சி சொல்ல முடியாது. விசாரிக்கும் ஆணையருக்கு, அவரைத் திருப்பி அனுப்பினால் 10 டாலர், விடுவித்தால் 5 டாலர்தான். 1854-இல் வடக்கே பாஸ்டனில், தப்பி வந்த அடிமையான ஆன்டனி பர்ன்ஸைப் பிடித்துத் திருப்பி அனுப்பத் துறைமுகத்துக்கு நடத்திப் போனபோது, இரு பக்கமும் படைவீரர்கள், தெருவெங்கும் ஆயிரக்கணக்கில் கூட்டம், கட்டடங்களில் கறுப்புத் துணி, நடுவே 'சுதந்திரம்' என்று எழுதிய ஒரு சவப்பெட்டியையும் தொங்கவிட்டிருந்தார்கள். அதுவரை நமக்கென்ன என்று இருந்த அமெரிக்க வட மாநிலத்துக்காரர்கள் பலர் அன்றைக்குத்தான் மாறினார்கள்.

அதே வருடம், புதுப் பகுதிகளில் அடிமைமுறை வேண்டுமா என்பதை அங்கே குடியேறியவர்களே முடிவு செய்யலாம் என்ற கான்சாஸ்-நெப்ராஸ்கா சட்டம், அப்புறம் அதை வைத்தே கான்சாஸில் ரத்தக்களரி. 1857-இல், விடுதலை கேட்டு வழக்குப் போட்ட டிரெட் ஸ்காட் என்ற அடிமையின் வழக்கில், கறுப்பினத்தவர் குடிமக்களே ஆக முடியாது என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

சரி, மாநில உரிமை என்றே வைத்துக்கொள்வோம், எதைச் செய்யும் உரிமை? தென் மாநிலமான மிசிசிப்பி 1861-இல் அமெரிக்காவிலிருந்து பிரிந்தபோது வெளியிட்ட அறிக்கையில், தங்கள் நிலைப்பாடு அடிமைமுறையோடு முழுக்கப் பிணைந்தது என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். அப்போது அமெரிக்கா முழுவதும் கிட்டத்தட்ட 40 லட்சம் பேர் அடிமைகள். தயவுசெய்து அடுத்த இதழில் இதையும் சேர்த்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்